வால்டர் எலியட்டும் சோழன் பொற்காசும்

அமெரிக்காவில் பத்து செண்டு நாணயத்தை 'டைம்' என்பார்கள். 1894ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலை வெள்ளியால் ஆன டைம் நாணயங்களில் 24 மட்டுமே அச்சிட்டது. அவற்றில் இன்று எஞ்சியிருப்பவையாகத் தெரிய வருபவை பாதிக்கும் குறைவு. 2016இல் அவற்றுள் ஒன்று ஏறக்குறைய இருபது இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அந்த நாணயத்தை உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலை சில டாலர்தான். மீதித் தொகை முழுவதும் அதன் அருமைக்காகக் கொடுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் அதைப் போன்ற சிறிய வெள்ளி நாணயங்கள் புழங்கின. நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கம் 1871 முதல் பத்து செண்டு வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழும் குடும்பங்களில், பாட்டியின் சுருக்குப் பையிலோ பழைய மிட்டாய் டின்னிலோ அரசர் தலை பொறித்த காசு ஒன்றிரண்டு இன்றும் கிடக்கலாம். ரிங்கிட்டை நம்மவர்கள் 'வெள்ளி' என்று சொல்வதும் அந்தக் காலத்தின் எச்சமே. கையில் இருப்பது தாளாக இருந்தாலும், ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்றுதான் கணக்குச் சொல்கிறோம்.

நாணயம் சேர்ப்பவர்களில் பலர் அருமையையும் விலையையும் பார்க்கின்றனர். ஆனால், நாணயத்தை ஓர் ஏடாகக் கருதிப் படித்தவர்களும் இருந்தனர். தென்னிந்திய நாணயங்களை அவ்வாறு படித்த முன்னோடிகளுள் ஒருவர் சர் வால்டர் எலியட். சென்னையில் உள்ள எலியட்ஸ் கடற்கரை இவர் பெயரால் அமைந்தது என்று சிலர் எண்ணுவதுண்டு. அது எட்வர்ட் எலியட் என்னும் வேறோர் அதிகாரியின் பெயர்.

வால்டர் எலியட் 1803ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் கற்றார். 1821ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. புதிதாக வரும் அதிகாரிகள் உள்ளூர் மொழிகளைக் கற்ற பின்னரே பதவிக்கு அனுப்பப்பட்டனர். அதற்கென்றே சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இயங்கி வந்தது. எலியட் அங்குத் தமிழும் இந்துஸ்தானியும் பயின்றார். இரண்டிலும் சிறந்து விளங்கியதற்காக அவருக்கு ஆயிரம் வராகன் பரிசு கிடைத்தது.

வராகன் என்பது தென்னாட்டுத் தங்க நாணயம். ஆங்கிலேயர் அதைப் பகோடா என்றனர். சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய். அப்படியானால், தமிழும் இந்துஸ்தானியும் படித்ததற்கு அந்த இளைஞர் பெற்ற பரிசு 3500 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. பணம், காசு என்று இன்று நாம் பொதுவாகச் சொல்லும் சொற்கள், அன்று தனித்தனி நாணயங்களின் பெயர்களாக இருந்தன என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது.

எலியட் படித்த கல்லூரியைத் தோற்றுவித்தவர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். இருவர் பெயரும் ஒலியில் நெருங்கியவை, ஆள் வேறு. எல்லிஸ் திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர். திருவள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயத்தை வெளியிட்டவரும் அவரே என்பது அறிஞர் ஐராவதம் மகாதேவனின் ஆய்வு முடிவு. எலியட் சென்னைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எல்லிஸ் இறந்துவிட்டார். அவர் விட்டுச் சென்ற கையெழுத்துத் தாள்களுக்கு நேர்ந்த கதி கொடுமையானது. மதுரையில் ஓர் அதிகாரியின் வீட்டுச் சமையற்காரர் அவற்றை மாதக் கணக்கில் அடுப்பு மூட்டப் பயன்படுத்தினார் என்று பேசப்பட்டது. அந்தச் செய்தியைப் பிற்காலத்தில் எழுதி வைத்தவர் எலியட்தான். எரியாமல் தப்பிய தாள்கள் சில பின்னாளில் எலியட்டின் கைக்கு வந்தன. அவற்றை அவர் இறுதிவரை பாதுகாத்தார்.

எலியட்டின் முதல் பணியிடம் சேலம். அங்கிருந்து இன்றைய கர்நாடகத்தின் வட பகுதிக்கு மாற்றப்பட்டார். அப்போது கிட்டூர் என்னும் சிறிய அரசின் மன்னர் வாரிசின்றி இறந்தார். அவர் தத்தெடுத்த பிள்ளையைக் கம்பெனி ஏற்க மறுத்தது. நாட்டைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்றது. அரசி சென்னம்மா பணியவில்லை. 1824ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த சண்டையில் கம்பெனியின் அதிகாரி தாக்கரே கொல்லப்பட்டார். எலியட்டும் ஸ்டீவன்சன் என்னும் மற்றோர் அதிகாரியும் சிறைப்பட்டனர். இருபத்தொரு வயது எலியட் சில வாரங்கள் கிட்டூர்க் கோட்டைக்குள் கைதியாக இருந்த பின்னரே விடுவிக்கப்பட்டார். சென்னம்மாவை இந்தியா இன்று விடுதலைப் போராட்ட முன்னோடியாகப் போற்றுகிறது.

விடுதலையான பிறகும் எலியட் அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. தார்வாரைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் சுவர்களிலும் நடுகற்களிலும் எழுத்துகள் நிறைந்திருந்தன. எந்த மன்னன் எப்போது ஆண்டான், யாருக்கு நிலம் கொடுத்தான் என்னும் செய்திகள் அவற்றில் இருந்தன. அன்றோ அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. எலியட் உள்ளூர் எழுத்தர்களின் துணையோடு கல்வெட்டுகளைப் படியெடுக்கத் தொடங்கினார். இவ்வாறு திரட்டப்பட்டவை 595. இந்தக் கல்வெட்டுகளைக் கொண்டு அவர் எழுதிய கட்டுரை 1837இல் லண்டனில் அரச ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. சாளுக்கிய மன்னர்களின் வரிசையை அறிய அக்கட்டுரை பெரிதும் உதவியது.

கல்வெட்டுகளைப் படித்த கண்ணுக்கு நாணயங்கள் வேறு விதமாகத் தெரிந்தன. சாளுக்கியர் சின்னம் பன்றி. வடமொழியில் பன்றிக்கு வராகம் என்று பெயர். தங்க நாணயத்திற்கு வராகன் என்னும் பெயர் வந்ததும் அந்தப் பன்றி உருவத்தால்தான். கல்வெட்டில் மன்னன் பெயர் உண்டு. நாணயத்தில் பெரும்பாலும் சின்னம் மட்டுமே உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருடைய நாணயம் என்பது தெளிவாகும். புலி சோழருக்கு உரியது, மீன் பாண்டியருக்கு உரியது, வில் சேரருக்கு உரியது என்பது நாம் அறிந்ததே. ஒரே நாணயத்தில் புலியின் பக்கத்தில் மீனும் வில்லும் இருந்தால், அதை வெளியிட்ட சோழன் மற்ற இருவரையும் வென்றதாக உரிமை கொண்டாடுகிறான் என்று பொருள். விரல் நுனியில் அடங்கும் ஓர் உலோகத் துண்டு இவ்வளவு செய்தியைத் தாங்கியிருக்கிறது.

அன்று பழங்காசுகள் பல வழிகளில் வெளிப்பட்டன. உழும்போது கலப்பையில் பானை தட்டுப்படும். கிணறு தோண்டும்போது கிடைக்கும். பெருமழைக்குப் பின் ஆற்று மணலில் மின்னும். செம்புக்காசாக இருந்தால் பாத்திரக் கடைக்குப் போகும். தங்கமாக இருந்தால் நேராகப் பொற்கொல்லர் பட்டறைக்குச் சென்று உருகிவிடும். கண்டெடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. ஏழை உழவருக்கு அது பெண்ணின் தாலிக்கான தங்கம். ஆயிரம் ஆண்டுப் பழமை அவர் அடுப்பில் உலை வைக்காது. நாணயம் உருகும் முன் அது ஆய்வாளர் கைக்கு வந்து சேர்வது அரிதினும் அரிதாக இருந்தது.

எலியட் தமக்குக் கிடைத்த நாணயங்களின் இரு பக்கங்களையும் ஆராய்ந்தார், எடையைக் கவனித்தார், எழுத்து இருந்தால் படித்தார், படம் வரையச் செய்தார். எடை அவருக்கு முக்கியமான சான்று. பழந்தமிழர் பொன்னை நிறுக்க விதைகளைப் பயன்படுத்தினர். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடி மரத்தை மலேசியாவில் அறியாதவர் குறைவு. பள்ளித் திடல்களில் உதிர்ந்து கிடக்கும் சிவந்த, பளபளப்பான சாகா விதைதான் அது. மலாய்ப் பொற்கொல்லர்களும் அந்த விதையைக் கொண்டே தங்கத்தை நிறுத்தனர். விதைகள் ஒன்றுக்கொன்று எடையில் பெரிதாக வேறுபடாததால் இந்த முறை நெடுங்காலம் நிலைத்தது. ஒரு பொற்காசு எத்தனை மஞ்சாடி எடை என்று கண்டால், அது எந்த அளவு முறையில் அடிக்கப்பட்டது என்பதை ஊகிக்க முடியும்.

நாணயம் மட்டுமே அவர் நாட்டமாக இருந்ததில்லை. பறவைகள், விலங்குகள், செடிகள் என எல்லாவற்றையும் சேகரித்தார். சார்ல்ஸ் டார்வின் தம் ஆய்வுக்காகக் கேட்டபோது இந்தியப் புறாக்களின் தோல்களை அனுப்பி வைத்தார். டார்வின் 1859இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் அந்த உதவி குறிப்பிடப்பட்டுள்ளது.

அவர் வாழ்வில் மிகுதியாகப் பேசப்படுவதும், மிகுதியாகக் குறை கூறப்படுவதும் அமராவதிப் பணியாகும். கிருஷ்ணா ஆற்றங்கரையில் உள்ள அமராவதியில் ஒரு காலத்தில் மாபெரும் பௌத்தத் தூபி இருந்தது. அதன் பளிங்கு போன்ற சிற்பக் கற்களைச் சுற்றுவட்டார மக்கள் நீண்ட காலமாகக் கட்டடங்களுக்காக எடுத்துச் சென்றுவிட்டனர். 1845இல் குண்டூர்ப் பகுதிக்கு அனுப்பப்பட்ட எலியட் அங்கே அகழ்ந்து, பல சிற்பங்களை வெளியே எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவை அங்கே பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பின்னர் 1859இல் அவற்றுள் பெரும்பகுதி கப்பலேறி லண்டன் சென்றது. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. கிள்ளானில் கண்டெடுக்கப்பட்ட பழங்கால வெண்கல மணியும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஒரு மண்ணின் பழம்பொருள் எங்கே இருக்க வேண்டும் என்னும் கேள்வி அமராவதியோடு முடிந்துவிடவில்லை.

அமராவதியில் நேர்ந்த வேறோர் இழப்பைக் கல்லைப் பார்த்து அறிய முடியாது. எந்தச் சிற்பம் தூபியின் எந்த இடத்தில் நின்றது என்பது முழுமையாகப் பதிவாகவில்லை. கற்கள் பிழைத்தன, அவற்றின் இடம் மறைந்தது. பிற்கால ஆய்வாளர்கள் அந்தத் தூபியை மனக்கண்ணில் மீண்டும் எழுப்பப் பெரும்பாடு பட்டனர்.

எலியட் 1854இல் சென்னை ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். அந்தப் பதவியில் இருந்தபோதே, 1850களின் இறுதியில், சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் நாணயங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1860இல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தில் உல்ஃப்லீ என்னும் குடும்ப இல்லத்திற்குத் திரும்பினார். பிறகு அரசின் சர் பட்டமும் அறிவியல் கழகத்தின் சிறப்பும் அவரைத் தேடி வந்தன. ஆனால், தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய முழுமையான நூல் ஒன்றை அவர் இன்னும் எழுதி முடிக்கவில்லை. வயது எழுபதைக் கடந்தது. கண் பார்வை மங்கத் தொடங்கியது.

நாணய ஆய்வுக்குக் கண்ணே முதற் கருவி. தேய்ந்த எழுத்து ஒன்று கோடா, கீறலா என்று பார்ப்பதற்கே உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். எலியட்டோ தாம் சேர்த்த நாணயத்தையே சரியாகக் காண முடியாத நிலையை அடைந்தார். முன்னர் எழுதி வைத்த குறிப்புகளும், வரைந்து வைத்த படங்களும், நினைவாற்றலும் அவருக்குத் துணை நின்றன. பிறர் படிக்கக் கேட்டார். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். இவ்வாறு உருவான 'தென்னிந்திய நாணயங்கள்' என்னும் ஆங்கில நூல், அவருக்கு எண்பது வயது கடந்த பிறகு, லண்டனில் வெளிவந்தது. தென்னாட்டு நாணயங்களோடு அவற்றை வெளியிட்ட அரச மரபுகளின் வரலாற்றையும் அது எடுத்துரைத்தது. அதன் கருத்துகள் சில இன்று திருத்தப்பட்டுவிட்டன. ஆயினும், தென்னிந்திய நாணயவியலைக் கற்பவர்கள் அந்நூலின் படங்களை இன்றும் தேடிப் பார்க்கின்றனர்.

அதற்கு ஒரு காரணம் உத்தம சோழனின் பொற்காசு. உத்தம சோழன் செம்பியன் மாதேவியின் மகன்; முதலாம் இராசராசனுக்கு முன் சோழ நாட்டை ஆண்டவன். அவன் ஆட்சி 985இல் முடிந்தது. இராசராசனின் மகனான இராசேந்திரன் காலத்தில்தான் சோழர் கப்பற்படை கடாரத்திற்கு, அதாவது நம் கெடா மாநிலத்திற்கு, வந்தது. அப்படிப் பார்த்தால், உத்தம சோழனின் காசு சோழப் பேரரசு கடல் கடந்து விரிவதற்கு ஒரு தலைமுறைக்கு முற்பட்டது. மன்னன் பெயர் தெளிவாகத் தெரியும் சோழ நாணயங்களில் மிகப் பழமையானவற்றுள் இதுவும் ஒன்று. புலியும் மீனும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. உத்தம சோழன் என்னும் பெயர் கிரந்த எழுத்தில் இருந்தது. புலியோடு மீன் இருப்பதால், பாண்டியரை அடக்கியதாகச் சோழர் தம் நாணயத்திலேயே அறிவித்துக்கொண்டனர் என்பது புலனாகிறது.

அந்தப் பொற்காசு இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உருகிப் போனதா, எவருடைய பெட்டியிலாவது உறங்குகிறதா என்பதும் தெரியாது. எலியட் வெளியிட்ட கோட்டோவியம் மட்டுமே எஞ்சியுள்ளது. அந்த ஓவியத்தைக் கொண்டுதான் வரலாற்று அறிஞர்கள் அந்தக் காசை இன்றும் ஆராய்கின்றனர். அமராவதியில் பொருள் பிழைத்துப் பதிவு குறைந்தது. இங்கே பொருள் தொலைந்தது, பதிவு பிழைத்தது. 1894ஆம் ஆண்டின் அமெரிக்க டைம் ஒன்றுக்கு ஏலத்தில் விலை உண்டு. உத்தம சோழன் காசுக்கு விலை சொல்ல ஆளில்லை, ஏனெனில் விற்க ஏதும் இல்லை. இருப்பது தாளில் சில கோடுகள்.

நூல் வெளிவந்த சிறிது காலத்திலேயே எலியட்டின் வாழ்வு முடிவுக்கு வந்தது. அந்நாளில் ஜி. யு. போப் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பதிப்பித்திருந்தார். அப்பதிப்பைப் பற்றிய குறிப்பு ஒன்றைக் கேட்டறிந்த எலியட் மகிழ்ச்சி அடைந்தார். மறுநாள் 1887ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள். காலையில் அவர் போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்து, அதில் தம் கையாலேயே கையெழுத்திட்டார். ஆயிரம் வராகன் பரிசு பெற்றுத் தந்த மொழியின் நூலைப் பற்றிய கடிதம் அது. அன்று மாலை உல்ஃப்லீ இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மதுரை அடுப்புக்குத் தப்பி அவரிடம் வந்து சேர்ந்த எல்லிசின் தாள்கள், அதன்பின் போப்பின் வழியாக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தை அடைந்தன. அவை இன்றும் அங்கே உள்ளன.